இரண்டு வாரம் இல்லாமல் இருந்த விரைவுச் சாலை

2013ஆம் ஆண்டு கோடையின் தொடக்கத்தில், ஓஹையோ மாநிலத்துக் கிளீவ்லேண்ட் நகரின் வெஸ்ட் ஷோர்வே என்னும் விரைவுச் சாலை ஒரு திரைப்படத்தின் சண்டைக் காட்சிக்காக ஏறக்குறைய இரண்டு வாரம் மூடப்பட்டது. ‘கேப்டன் அமெரிக்கா: தி விண்டர் சோல்ஜர்’ படத்தில் வாஷிங்டன் நகரத்துச் சாலையாக வருவது, உண்மையில் ஈரி ஏரிக் கரையை ஒட்டிச் செல்லும் இந்தச் சாலைதான். அரசு ஆவணங்களில் இதன் பெயர் மாநிலச் சாலை எண் 2. நகரின் மேற்குப் பகுதியிலிருந்தும், அதை அடுத்த லேக்வுட் போன்ற ஊர்களிலிருந்தும் காலையில் வேலைக்குப் புறப்படுகிறவர்கள் இதில் ஏறினால், 1939இல் திறக்கப்பட்ட மெயின் அவென்யூ பாலத்தின் வழியாகக் குயஹோகா ஆற்றைக் கடந்து நேராக நகர மையத்தில் இறங்கிவிடலாம். அப்படிப்பட்ட வழியை, வேலைநாட்களையும் சேர்த்து, படப்பிடிப்புக்காக அடைத்தார்கள். அந்த நாட்களில் நான் மேற்குப் பகுதியில் குடியிருந்தேன். போக்குவரத்துத் திட்டமிடல் குறித்து அதன் பிறகு நான் படித்தவற்றில் பெரும்பகுதி, ஒரு சாலை இல்லாமல் போனால் அதன் வண்டிகள் எங்கே போகின்றன என்று அந்த இரண்டு வாரம் எழுப்பிய கேள்விக்கு விடை தேடிப் படித்ததுதான்.

நம்மவர்களுக்குக் கிளீவ்லேண்ட் என்றதும் நினைவுக்கு வருவது தியாகராஜ ஆராதனை. 1978இல் தொடங்கி ஆண்டுதோறும் வசந்த காலத்தில் நடக்கும் அந்த விழாவுக்குப் போனவர்கள் யூக்லிட் அவென்யூவை அறிந்திருப்பார்கள். கிளீவ்லேண்ட் ஸ்டேட் பல்கலைக்கழகம் அந்தத் தெருவில்தான் இருக்கிறது. அங்கிருந்து மேற்கே சிறிது தூரம் நடந்தால் கிழக்கு 9ஆம் தெரு குறுக்கிடும். 2011 ஆகஸ்டில் ‘தி அவெஞ்சர்ஸ்’ படத்துக்காக அந்தத் தெருவின் ஒரு பகுதியை மூடி, நியூயார்க்கின் மன்ஹாட்டனாக மாற்றியிருந்தார்கள். கவிழ்த்துப் போட்ட டாக்சிகளும் சிதறிய கட்டடக் கற்களும் தெரு நெடுகக் கிடந்தன. அலுவலகத்துக்குப் போகிறவர்கள் அடுத்த தெருவில் நடந்து போனார்கள். படப்பிடிப்புச் செலவில் ஒரு பகுதியை வரிச்சலுகையாகத் திருப்பித் தரும் திட்டத்தை ஓஹையோ 2009இல் கொண்டு வந்திருந்ததால், பெரிய படங்கள் இந்த நகரத்தைத் தேடி வரத் தொடங்கியிருந்தன. ஆகவே 2013இல் சாலை மூடல் என்பது நகரத்துக்குப் புதிய அனுபவம் அல்ல. ஆனால் அந்த இரண்டு மூடல்களும் ஒரே வகையானவை அல்ல.

நகர மையத்தின் தெருக்கள் கட்டம் கட்டமாக அமைந்தவை. அவற்றில் ஒன்றை மூடினால், வண்டி அடுத்த திருப்பத்தில் திரும்பி இணையான தெருவில் போய்விடும். இழப்பு சில நிமிடங்கள்தான். ஏறும் இடங்களும் இறங்கும் இடங்களும் எண்ணிக்கையில் குறைந்த விரைவுச் சாலையை மூடும்போது நிலைமை வேறு. அதில் போய்க்கொண்டிருந்த அத்தனை வண்டிகளும் ஓரிரு இடங்களில் கீழே இறங்கி, அந்த அளவுக்கு வண்டிகளைத் தாங்கும்படி சிக்னல் நேரம் அமைக்கப்படாத தெருக்களுக்குள் நுழையும். படப்பிடிப்புக்கு அனுமதி தருகிற அலுவலகத்தின் பார்வையில் இரண்டுமே ‘சாலை மூடல்’ என்ற ஒரே தலைப்பின் கீழ் வரலாம். போக்குவரத்தைத் திட்டமிடுகிறவருக்கு இவை வெவ்வேறு நிகழ்வுகள்.

மூடலுக்கு முந்தைய நாட்களில் மேற்குப் பகுதியில் பேச்சு முழுவதும் இதைப் பற்றியே இருந்தது. தெற்கே ஐ-90 நெடுஞ்சாலைக்குப் போய்ச் சேர்வதா, டெட்ராய்ட் அவென்யூவிலேயே ஊர்ந்து போவதா என்று அண்டை வீட்டார்கள் கணக்குப் போட்டுக்கொண்டிருந்தார்கள். முதல் காலை, எதிர்பார்த்தபடியே மோசமாகத்தான் இருந்தது. கிளிஃப்டன் பொலிவார்டில் வண்டிகள் ஒன்றன் பின் ஒன்றாக நின்றன. ஷோர்வே நுழைவாயிலில் ஆரஞ்சு நிறப் பீப்பாய்களையும் தடுப்புகளையும் கண்ட பிறகே மூடல் நினைவுக்கு வந்து, வண்டியைத் திருப்ப இடம் தேடியவர்கள் சிலர். ஆனால் அடுத்தடுத்த நாட்களில் அந்த வரிசை குறைந்துகொண்டே வந்தது. என் அலுவலகத்தில் ஒருவர் ஏழு மணிக்கே வந்துவிடத் தொடங்கினார். இன்னொருவர் மேற்கிலிருந்து வரும் ரெட் லைன் ரயிலுக்கு மாறினார். வேறொருவர், வாரத்தில் சில நாட்கள் வீட்டிலிருந்தே வேலை செய்துகொள்ள ஏற்பாடு செய்துகொண்டார். இரண்டாவது வாரத்தில் சாலை மூடலைப் பற்றிய பேச்சு அநேகமாக நின்றுபோயிருந்தது; எந்த நடிகர் எந்த உணவகத்தில் சாப்பிட்டார் என்பதே பேச்சாக இருந்தது.

இந்த மூடலை நான் முக்கியமாகக் கருதுவதற்குக் காரணம், அதே சாலையின் எதிர்காலம் குறித்து நகரத்தில் ஆண்டுக்கணக்காக நடந்துவந்த விவாதம். மணிக்கு 50 மைல் வேகத்தில் வண்டிகள் பறக்கும் ஷோர்வே, டெட்ராய்ட் ஷோர்வே குடியிருப்புப் பகுதியையும் அதற்கு வடக்கே கூப்பிடு தூரத்தில் இருக்கும் எட்ஜ்வாட்டர் ஏரிக்கரைப் பூங்காவையும் இரண்டாகப் பிரித்துவிட்டது. ஏரி கண்ணுக்குத் தெரியும். ஆனால் நடந்து போகச் சுரங்கப்பாதையைத் தேட வேண்டும். இந்தச் சாலையை 35 மைல் வேகத்தில் செல்லும், மரங்களும் நடைபாதையும் கொண்ட நகரச் சாலையாக மாற்ற வேண்டும் என்பது நகராட்சியின் ஏரிக்கரைத் திட்டங்களில் ஒன்று. எதிர்த்தவர்களின் வாதம் நேரடியானது: வேகத்தைக் குறைத்தால் புறநகரிலிருந்து வருகிறவர்களின் பயண நேரம் கூடும், நகர மையத்துக்கு வருவதையே மக்கள் குறைத்துக்கொள்வார்கள். சில நிமிடங்கள் கூடுவதையே ஏற்க முடியாது என்று கடுமையாக வாதிட்ட ஒரு நகரம், ஒரு படத்துக்காக அந்தச் சாலை முழுவதையும் இரண்டு வாரம் இழக்கச் சம்மதித்தது. சம்மதித்ததோடு, அதற்கு ஏற்பத் தன் காலை நேரத்தையும் மாற்றிக்கொண்டது.

எந்தத் திட்டமிடல் அலுவலரும் கேட்டுப் பெற முடியாத பரிசோதனை இது. ‘சாலை இல்லாவிட்டால் என்ன ஆகும் என்று பார்க்க வேண்டும், இரண்டு வாரம் மூடித் தாருங்கள்’ என்று ஒரு பொறியாளர் நகர மன்றத்தில் கேட்டிருந்தால், அவரை உட்காரச் சொல்லியிருப்பார்கள். படத் தயாரிப்பாளர் கேட்டபோது கிடைத்தது. ஆனாலும், அதன் பின் நான் போயிருந்த சாலை மாற்றக் கூட்டங்களில், அந்த இரண்டு வாரத்தில் எந்தத் தெருவில் எத்தனை வண்டிகள் கூடின, எத்தனை குறைந்தன, பேருந்துகள் எவ்வளவு தாமதப்பட்டன என்ற கணக்கை யாரும் மேசையில் வைத்துப் பேசவில்லை. வாதங்கள் பழைய ஊகங்களின் மேலேயே நடந்தன. என் வருத்தமெல்லாம் இதைப் பற்றியதுதான்.

சாலையை மூடினால் அதிலிருந்த வண்டிகள் முழுவதும் பக்கத்துச் சாலைகளில் போய் நிறையும் என்பது பார்வைக்கு இயல்பான எண்ணம். குழாயை அடைத்தால் தண்ணீர் வேறு வழியில் பீறிடுவது போலத்தான் பலரும் இதைக் கற்பனை செய்கிறார்கள். ஆனால் வண்டியை ஓட்டுகிறவர் முடிவெடுக்கத் தெரிந்த மனிதர். சாலி கேர்ன்ஸ், ஸ்டீபன் அட்கின்ஸ், ஃபில் குட்வின் ஆகிய பிரிட்டிஷ் ஆய்வாளர்கள், சாலையின் கொள்ளளவு குறைக்கப்பட்ட இடங்களில் என்ன நடந்தது என்று 11 நாடுகளிலிருந்து 70க்கும் மேற்பட்ட நிகழ்வுகளைத் திரட்டி 2002இல் ஒரு கட்டுரை வெளியிட்டார்கள். பாலம் பழுதானது, நிலநடுக்கத்தில் சாலை உடைந்தது, கடைத்தெருவை நடப்பவர்களுக்கு மட்டுமாக்கியது என்று பலவகை நிகழ்வுகள் அதில் இருந்தன. பக்கத்துச் சாலைகளில் கூடியதையும் கழித்துப் பார்த்தால், கொள்ளளவு குறைக்கப்பட்ட சாலையிலோ பகுதியிலோ முன்பு இருந்த போக்குவரத்தில் சராசரியாக 22 விழுக்காடு அளவுக்கு எங்கும் தென்படாமல் போயிருந்தது. பாதி நிகழ்வுகளில் குறைவு 11 விழுக்காட்டுக்கும் மேலே இருந்தது. சராசரிக்கும் நடு எண்ணுக்கும் இடையிலான இந்த வேறுபாட்டைக் கவனிக்க வேண்டும்: சில இடங்களில் குறைவு மிகப் பெரியது, பல இடங்களில் மிதமானது, சில இடங்களில் குறையவே இல்லை. ஆகவே ‘மூடினால் வண்டிகள் மறைந்துவிடும்’ என்பதை விதியாகச் சொல்ல முடியாது. ஆனால் முழு நகரமும் நின்றுபோகும் என்று முன்கூட்டியே எழுதப்பட்ட அச்சங்கள் பெரும்பாலும் பலிக்கவில்லை என்பதை அந்தத் தொகுப்பு தெளிவாகக் காட்டியது.

அந்த வண்டிகள் எங்கே போகின்றன என்பது என் அலுவலகத்தில் நான் கண்டதைப் போலத்தான். ஒருவர் புறப்படும் நேரத்தை மாற்றுகிறார். ஒருவர் இரண்டு வேலைகளை ஒரே பயணத்தில் முடிக்கிறார். ஒருவர் வேறு கடைக்குப் போகிறார். ஒருவர் ரயிலில் ஏறுகிறார். ஒவ்வொன்றும் சின்ன மாற்றம்தான். ஆனால் நெரிசல் என்பது கொள்ளளவின் விளிம்பில் பிறப்பது. அந்த விளிம்பில் சில விழுக்காடு வண்டிகள் குறைந்தாலே வரிசை பாதியாகக் குறைந்துவிடக் கூடும். சாலைத் திட்டங்களில் பயன்படும் பழைய கணிப்பு முறைகள் பல, பயணங்களின் எண்ணிக்கை மாறாது என்று வைத்துக்கொண்டு, அவற்றைப் பாதைகளுக்கு இடையே பங்கிட்டுப் பார்ப்பவை. அவற்றில் ‘வீட்டிலிருந்தே வேலை பார்த்தார்’ என்ற மனிதருக்கு இடம் இல்லை.

இதற்கு எதிராகச் சொல்லத்தக்கதையும் நேர்மையாகச் சொல்ல வேண்டும். படப்பிடிப்புக்கான மூடல், நிரந்தர மாற்றத்துக்குச் சமமான சான்று ஆகாது. முடியும் தேதி முன்கூட்டியே தெரிந்திருப்பதால் மக்கள் பொறுத்துக்கொள்கிறார்கள். மருத்துவரைப் பார்ப்பதையும் உறவினர் வீட்டுக்குப் போவதையும் இரண்டு வாரம் தள்ளிவைக்க முடியும், இரண்டு ஆண்டு தள்ளிவைக்க முடியாது. மறுபுறம், நிரந்தரமாக மாறிவிட்டது என்று தெரிந்தால்தான் சிலர் வீட்டையோ வேலையையோ அதற்கேற்ப அமைத்துக்கொள்வார்கள்; அந்த ஏற்பு குறுகிய மூடலில் தெரியாது. கோடைக்காலப் பயணமும் குளிர்காலப் பயணமும் வேறுவேறு. எனவே எண்ணிக்கை எடுத்தாலும் அதைப் படிக்கும்போது கவனம் தேவை. ஆனால் எண்ணாமலே இருந்துவிட்டால் கவனமாகப் படிக்கவும் ஒன்றும் இல்லை.

எண்ணினால் என்ன கிடைக்கும் என்பதற்கு லாஸ் ஏஞ்சலஸ் ஒரு நல்ல சான்று. 2011 ஜூலையில் அங்கே 405ஆம் எண் நெடுஞ்சாலையில் 10 மைல் தூரத்தை ஒரு வார இறுதி முழுவதும் மூடினார்கள். அது படத்துக்காக அல்ல. விரிவாக்கப் பணியில் ஒரு மேம்பாலத்தின் பாதியை இடிப்பதற்காக. ‘கார்’ என்பதோடு ‘ஆர்மகெடன்’ என்னும் ஊழிக்காலப் போரின் பெயரை ஒட்டி, ‘கார்மகெடன்’ என்று அதற்குப் பெயர் சூட்டி, யாரும் வெளியே வர வேண்டாம் என்று வாரக்கணக்கில் எச்சரித்தார்கள். மக்கள் வீட்டில் இருந்தார்கள், சாலைகள் வெறிச்சோடின, வேலையும் குறித்த நேரத்துக்கு முன்பே முடிந்தது. கலிஃபோர்னியா பல்கலைக்கழகத்தின் லாஸ் ஏஞ்சலஸ் வளாக ஆய்வாளர்கள் அந்த வார இறுதியில் நெடுஞ்சாலை அருகே காற்றை அளந்து வைத்திருந்தார்கள். அங்கே மிக நுண்ணிய துகள்களின் அளவு, அதையொத்த வார இறுதிகளைவிட 83 விழுக்காடு குறைந்திருந்தது. அளக்கும் கருவியோடு ஒருவர் அங்கே நின்றதால்தான் அந்த எண் இன்று நம் கையில் இருக்கிறது.

படப்பிடிப்பையே தொழிலாகக் கொண்ட அந்த நகரத்தில் சாலை அனுமதி நெடுங்கால அனுபவத்தில் உருவான ஒழுங்கோடு நடக்கிறது. முழு மூடல் எளிதில் கிடைப்பதில்லை. பெரும்பாலான காட்சிகளுக்குக் கிடைப்பது, காவலர் முன்னிலையில் வண்டிகளை மூன்று நிமிடம் வரை நிறுத்திவைத்து, தேங்கிய வரிசையை விட்டுவிட்டு, மறுபடியும் நிறுத்தும் அனுமதிதான். ‘லா லா லேண்ட்’ படத்தின் தொடக்கப் பாட்டில் நூறு பேருக்கு மேல் ஆடும் அந்த மேம்பாலச் சாலையைப் பாருங்கள்: 105, 110 என்ற இரண்டு நெடுஞ்சாலைகள் சந்திக்கும் இடத்தில், ஒன்றிலிருந்து இன்னொன்றுக்குப் போகும் ஒற்றை இணைப்புச் சாலை அது. 2015இல் ஒரு வார இறுதியில் மூடினார்கள். படத்தில் கூர்ந்து கவனித்தால் கீழேயுள்ள மற்றச் சாலைகளில் வண்டிகள் வழக்கம்போல் ஓடிக்கொண்டிருப்பது தெரியும். பார்வையாளருக்கு முழு நெடுஞ்சாலையும் நின்றதாகத் தோன்ற வேண்டும், நகரத்துக்கு ஓர் இணைப்பு மட்டுமே இல்லாமல் போக வேண்டும் என்ற இரண்டையும் ஒரே இடத்தேர்வில் சாதித்திருக்கிறார்கள். இது நல்ல போக்குவரத்துத் திட்டமிடல் என்றே நான் சொல்வேன். எந்த ஊரிலும் மூடக் கூடாத சாலை என்று ஒன்று உண்டு. ‘தி மேட்ரிக்ஸ் ரீலோடட்’ படத்தின் நெடுஞ்சாலைத் துரத்தலுக்காக, கலிஃபோர்னியாவின் அலமீடாவில் கைவிடப்பட்ட கடற்படை விமானதளத்தில் ஒன்றரை மைல் நீளத்துக்குப் புதிதாக ஒரு சாலையையே கட்டிப் பிறகு அகற்றினார்கள். மாதக்கணக்கில் தேவைப்படும் காட்சிக்கு ஓடும் நெடுஞ்சாலையை எந்த நகரமும் தராது, தரவும் கூடாது.

கார் ஓட்டுகிறவர்களைப் பற்றியே இதுவரை சொல்லிவந்தேன். மூடலின் சுமை சமமாக விழுவதில்லை. கார் வைத்திருப்பவருக்கு மாற்றுவழி பல. பேருந்துக்குக் காத்திருப்பவருக்கு, பேருந்து எந்த வழியில் போகிறதோ அதுதான் வழி. அந்த இரண்டு வாரத்தில் ஒரு மாலை, என் தெருமுனை நிறுத்தத்தில் மருத்துவமனைச் சீருடை அணிந்த ஒரு பெண்மணி நின்றிருந்தார். கம்பத்தில் நெகிழி உறைக்குள் ஒரு தாள் கட்டியிருந்தார்கள். அதில் பொடி எழுத்தில் வழித்தட எண்களும் தேதிகளும் இருந்தன, தற்காலிக நிறுத்தம் எந்தப் பக்கம் என்று காட்ட ஓர் அம்புக்குறி கூட இல்லை. இரவுப் பணிக்குப் போக வேண்டியவர். இரண்டு பேருந்துகள் வராமல் போனதன் பிறகே அந்தத் தாளைப் படித்திருந்தார். நாங்கள் இருவரும் சேர்ந்து அதைப் படித்து, கடக்க விளக்கு இல்லாத ஒரு சாலையைக் கடந்து, அடுத்த நிறுத்தத்தைக் கண்டுபிடித்தோம். “படம் எடுப்பது நல்லதுதான், ஆனால் பணிக்குத் தாமதமானால் என் சம்பளத்தில்தானே பிடிப்பார்கள்” என்று அவர் சொன்னார். படக்குழு நகரத்தில் செலவிட்ட தொகையைப் பற்றிய பெருமிதமான கணக்குகளில் அவருடைய அரைமணி நேரச் சம்பளம் எந்தப் பக்கத்திலும் எழுதப்படுவதில்லை. கடைக்காரர்களுக்காவது கேட்கச் சங்கம் இருக்கிறது, சில நேரம் இழப்பீடும் பேசிப் பெறுகிறார்கள்.

இதைச் சரிசெய்வது அரிதான வேலை அல்ல. அனுமதியைத் திரைப்பட அலுவலகம் ஒருங்கிணைக்கட்டும். ஆனால் மூடும் நாளையும் நேரத்தையும் போக்குவரத்துப் பிரிவும் பேருந்து நிர்வாகமும் ஒப்புக்கொண்ட பிறகே அனுமதி செல்ல வேண்டும். குடிநீர்க் குழாய்ப் பணி, மாரத்தான், விளையாட்டுப் போட்டி, படப்பிடிப்பு எல்லாம் ஒரே நாட்காட்டியில் இருந்தால்தான், ஷோர்வே மூடியிருக்கும் வாரத்தில் டெட்ராய்ட் அவென்யூவில் யாரும் பள்ளம் தோண்ட மாட்டார்கள். மாற்றுப்பாதையில் இருக்கும் சிக்னல்களின் பச்சை நேரத்தை மூடல் தொடங்கும் முன்பே மாற்றியமைக்க வேண்டும். ஆம்புலன்சுக்கு எந்த நுழைவாயில் திறந்திருக்கும் என்று தீயணைப்பு நிலையத்துக்கு எழுத்தில் தெரிந்திருக்க வேண்டும். இவற்றோடு, ஒரு வாரத்துக்கு மேல் நீளும் எந்த மூடலிலும், முன்னும் பின்னும் நடுவிலும் வண்டிகளையும் பயணிகளையும் எண்ணும் செலவைத் தயாரிப்பு நிறுவனமே ஏற்க வேண்டும் என்பதை அனுமதி நிபந்தனையாக்க வேண்டும். கோடிக்கணக்கில் செலவாகும் படத்துக்கு அது பொருட்டே அல்ல. சாலை பொதுச்சொத்து; அதை வாடகைக்கு எடுப்பவர் விட்டுச்செல்ல வேண்டியவற்றில் அந்த எண்ணிக்கையும் ஒன்று.

ஷோர்வே பின்னாளில் மாற்றப்பட்டது. சாலை புதுப்பிக்கப்பட்டு, வேக வரம்பு 35 மைலாகக் குறைக்கப்பட்டு, நடக்கவும் மிதிவண்டி ஓட்டவும் தனிப்பாதை வந்தது. அந்த வேகத்தை எல்லா ஓட்டுநர்களும் மதிக்கிறார்கள் என்று சொல்ல மாட்டேன். அகலமான நேர்ச்சாலையில் பலகை மட்டும் வேகத்தைக் குறைத்துவிடாது. எட்ஜ்வாட்டர் பூங்கா, படப்பிடிப்பு நடந்த அதே 2013 ஜூனில் கிளீவ்லேண்ட் மெட்ரோபார்க்ஸ் அமைப்பின் பொறுப்புக்கு வந்து, வெகுவாகச் செழித்திருக்கிறது. ஆனால் இந்த மாற்றம் கூட்டத்துக்குக் கூட்டம் வாதாடி, பகுதி பகுதியாக, முதலில் எண்ணியதைவிடச் சுருங்கிய வடிவத்தில் வந்தது. அந்த இரண்டு வாரத்தின் எண்கள் மேசையில் இருந்திருந்தால் இன்னும் துணிவான வடிவம் கிடைத்திருக்கும் என்று நான் நம்புகிறேன்.

சென்னை நினைவுக்கு வராமல் இதை எழுத முடியவில்லை. அதுவும் திரைப்பட நகரம்; ஞாயிற்றுக்கிழமை விடியலில் கடற்கரைச் சாலைகளிலும் மேம்பாலங்களிலும் காவல்துறை அனுமதியோடு படமெடுத்து, நகரம் விழிக்கும் முன் கருவிகளை ஏற்றிக்கொண்டு போய்விடும் திறமை அங்கே படக்குழுக்களுக்குக் கைவந்தது. தடுப்புகள் வைத்து ஒத்திகை பார்த்த பிறகே பாண்டி பஜாரின் நடைபாதை வளாகம் கட்டப்பட்டு, 2019 நவம்பரில் திறக்கப்பட்டது என்பதால், தற்காலிக மூடலிலிருந்து கற்கும் வழக்கமும் அங்கே இல்லாமல் இல்லை. மெட்ரோ இரண்டாம் கட்டப் பணிக்காக முக்கியச் சாலைகள் ஆண்டுக்கணக்கில் திருப்பிவிடப்பட்டிருப்பதால், எந்தச் சாலை இல்லாமல் நகரம் எப்படி நடமாடுகிறது என்பதற்கு இவ்வளவு பெரிய பாடம் இனி எளிதில் கிடைக்காது. மாநகரப் பேருந்துகளின் இருப்பிடத்தை நொடிக்கு நொடி காட்டும் சென்னை பஸ் செயலி 2022இல் வந்துவிட்டது. ஒவ்வொரு பேருந்தும் எந்த இடத்தை எத்தனை மணிக்குக் கடந்தது என்ற விவரம் அதற்குள் இருக்கிறது. படப்பிடிப்புக்கோ பணிக்கோ சாலையைத் திருப்பிவிடும் ஒவ்வொரு முறையும், அந்த வழித்தடங்களின் முந்தைய வார நேரத்தையும் அந்த வார நேரத்தையும் பக்கத்தில் பக்கத்தில் வைத்து மாநகராட்சி இணையதளத்தில் வெளியிட, இனிப் புதிதாக ஒரு கருவியும் வாங்கத் தேவையில்லை.